புல்லுக்கட்டின் பின்னால் போங்கள்: மலையகத்து மாட்டுப் பண்ணைகளை மதிப்பிடப் புதிதாகக் கிளம்புவோருக்கு

மாட்டுப் பண்ணை ஒன்று நிலைத்து நிற்குமா, சுற்றியுள்ள காட்டையும் மண்ணையும் தின்றுவிடாமல் நடக்குமா என்று பார்த்துவரச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார்கள். கையில் ஒரு படிவமும் இருக்கும். 'மேய்ச்சல் நிலத்துக்காக எத்தனை ஹெக்டேயர் காடு அழிக்கப்பட்டது?' என்பது அதில் முதல் பக்கத்திலேயே வரும். அமேசானில் இது சரியான கேள்வி. அங்கே காடு அழிவதற்கு மாட்டு மேய்ச்சலே முதற்காரணம். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ ஹப்புத்தளையிலோ இதைக் கேட்டால் எல்லோரும் 'பூச்சியம்' என்பார்கள். நீங்களும் எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள். பொய்யில்லாத பதில்தான், ஆனால் அதனால் எதுவும் தெரியவராது.

நம்முடைய மலைக்காட்டை மாடு அழிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காக வெட்டினார்கள். இலைநோய் வந்து கோப்பி அழிந்ததும் அந்த இடத்தில் தேயிலை வந்தது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையின் பேரில் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாமல் விட ஆங்கில அரசு முடிவெடுத்தது. அதனால்தான் உச்சிகளில் மட்டும் இன்றும் காடு இருக்கிறது. சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. மாடு இந்தக் கதைக்குள் பின்னால், லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கொட்டில் வழியாக வந்தது. அம்பேவெலப் பக்கத்துப் பெரும்பண்ணைகளை விட்டால் இங்கே 'பண்ணை' என்பது பெரும்பாலும் இரண்டு மாடு, ஒரு கன்று, மேலே தகரம், பின்னால் ஒரு கான் (வடிகால்).

இரண்டு மாட்டுக்காக யாரும் ஏக்கர் கணக்கில் காடு வெட்டுவதில்லை. ஆனால் தினமும் எண்பது கிலோ பச்சைப்புல் எங்கிருந்தோ வந்து சேர்கிறது, நாற்பது ஐம்பது கிலோ சாணம் எங்கோ போகிறது. அந்த இரண்டு 'எங்கோ'க்களையும் கண்டுபிடித்தால் உங்கள் வேலையில் முக்கால் பங்கு முடிந்தது. மற்றதை எல்லாம் அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

புறப்படும் முன்

உலகத்தில் இதற்கான முறைகள் பல உண்டு. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் 'சாஃபா' வழிகாட்டி நல்லாட்சி, சூழல், பொருளாதாரம், சமூக நலன் என நான்கு கூறுகளாகப் பார்க்கச் சொல்கிறது. 1990களில் மெக்சிகோவில் உருவான 'மெஸ்மிஸ்' முறை விளைதிறன், தாங்குதிறன், சமநீதி, தற்சார்பு போன்ற பண்புகளை வைத்து அளக்கிறது. இரண்டையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். படிவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் நூறு குறிகாட்டிகளைக் கேட்டால் ஐம்பதாவதில் அவர் எழுந்து பால் கறக்கப் போய்விடுவார். அவர் செய்வதுதான் சரி.

இரண்டு தயாரிப்புகள் அவசியம். முதலாவது, பருவம். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைச் சரிவுகளை நனைக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் புல் தட்டுப்பாடான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, உயரமான இடங்களில் பனிக்கருகலும் சேர்ந்துகொள்ளும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கணக்கு வேறு. அங்கே வடகீழ்ப் பருவமழை பெய்யும், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறட்சி. மழைக்காலத்தில் மட்டும் போய்ப் பார்த்தால் எந்தப் பண்ணையும் செழிப்பாகத்தான் தெரியும். ஒரு முறைதான் போக முடியும் என்றால் வறண்ட மாதத்தில் போங்கள்.

இரண்டாவது, மண்சரிவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலை மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. போகும் இடம் அதில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் மண் வெட்டி எடுத்த செங்குத்துச் சுவர், கான் அடைபட்டுத் தேங்கும் நீர், சரிவின் விளிம்பில் குவித்த ஈரச் சாணம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் மற்றக் கேள்விகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் அதைச் சொல்லுங்கள்.

வாசலில் நின்று பேசுவது

குறிப்புப் புத்தகத்தோடு வரும் அந்நியர் லயத்துக்காரருக்கு மூன்று பேரில் ஒருவர்: தோட்ட நிர்வாகத்தின் ஆள், வன அதிகாரி, அல்லது மாடு தருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வராத திட்டக்காரர். இந்த மூவரில் யாரும் இல்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அண்ணே, அக்கா, ஐயா என்று அந்த வீட்டுக்குப் பொருந்திய முறையில் பேச்சைத் தொடங்குங்கள். 'கணக்கெடுக்க வந்திருக்கிறேன்' என்று ஆரம்பித்தால் மாடுகளின் எண்ணிக்கை உடனே ஒன்று குறையும்.

ஒதுக்குக் காட்டில் புல் அறுப்பதும் மாடு விடுவதும் சட்டப்படி குற்றமாகலாம். 'அந்த ஓடைக்கு அப்பால் அறுப்போம்' என்று ஒரு பெண் உங்களை நம்பிச் சொல்வதைப் பெயரோடும் லய எண்ணோடும் எழுதி வைக்காதீர்கள். தாளில் ஒரு குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும், பெயர்ப்பட்டியல் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கட்டும். படம் எடுப்பதற்கும் இதே விதிதான். கைப்பேசிப் படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்து பதிவாகும், அதை அணைத்துவிடுங்கள்.

புல்: இங்கே அவசரப்படக் கூடாது

ஒரு மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் தின்னும் என்பது தோராயக் கணக்கு. 400 கிலோ மாட்டுக்கு 40 கிலோ. எடை தெரியாவிட்டால் அங்குல நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள், தோள் முனையிலிருந்து பின் எலும்பு முனை வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 68 அங்குலம், நீளம் 58 அங்குலம் என்றால் ஏறக்குறைய 406 கிலோ.

பிறகு தொங்கு தராசை எடுத்துக்கொண்டு மாலையில் காத்திருங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் தலையில் புல்லுக்கட்டோடு வருவார்கள். கட்டை இறக்கியதும் நிறுங்கள், பிறகு கயிற்றை அவிழ்த்துப் பிரித்துப் பாருங்கள். புல்லுக்கட்டு பொய் சொல்லாது. அகலமான, ஓரம் கீறும் நீண்ட இலைகள் என்றால் கொத்தமாலாப் புல். தண்டு தடித்து இனிப்பு வாசம் அடித்தால் சீஓ 3 என்ற கலப்பினத் தீவனப்புல். மானாப்புல் மட்டுமே என்றால் தோட்டத்துக்கு மேலே பத்தனைப் (மலைப் புல்வெளிப்) பக்கம் போயிருக்கிறார்கள். பன்னத் தண்டும் காட்டுக் கொடியும் நிழலில் வளரும் மெல்லிய இலைகளும் கலந்திருந்தால் காட்டு ஓரத்தில் அறுத்த கட்டு. முள்முருக்குக் கிளைகளும் இருந்தால் யாரோ யோசித்து அறுத்திருக்கிறார்கள், அது மாட்டுக்குப் புரதம்.

அறுத்த இடத்துக்கு அடுத்த நாள் கூடவே போங்கள். மதிப்பீட்டில் இதற்கு ஈடான வேலை வேறில்லை. அட்டை ஏறும், மூச்சு வாங்கும், குளவிக்கூடு இருக்கும் மரத்தைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். இந்த வீட்டுப் பெண் தினமும் எதைச் சுமக்கிறார் என்பதும் அப்போதுதான் பிடிபடும். ஒவ்வோர் இடத்திலும் பார்க்க வேண்டியவை இவை.

*தேயிலை மலைக்குள் அறுக்கும் புல்.* களைக்கொல்லி அடித்தது எப்போது என்று கேளுங்கள். நுனி மஞ்சளாகி வாடிய புல் கட்டுக்குள் இருந்தால் எச்சரிக்கை. அடிக்கும் நாளைத் தோட்டம் முன்கூட்டியே சொல்கிறதா என்பதும் ஒரு குறிகாட்டிதான். படிவத்தில் அது இருக்காது, நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*கொத்தமாலா.* முதிய தேயிலையைப் பிடுங்கிய பிறகு மண் தேறுவதற்காகத் தோட்டம் இதை நடுகிறது. வெட்டிய இலை அதே மண்ணில் மூடாக்காக விழ வேண்டும் என்பது திட்டம். அதை மாட்டுக்கு எடுத்தால் மண்ணின் சோற்றைத்தான் எடுக்கிறோம். எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்த அளவுக்குச் சாணம் அந்த மலைக்குத் திரும்புகிறதா என்று கேட்பேன்.

*மானாப்புல் மலைகள்.* ஊவாப் பக்கம் வறண்ட மாதங்களில் இவை எரிவதைப் பார்த்திருப்பீர்கள். இளம்புல் துளிர்க்கட்டும் என்று மூட்டிய தீ காட்டுக்குள் ஏறிவிடுகிறது. 'போன வருடம் அங்கே தீப்பிடித்ததா, யார் அணைத்தார்கள்?' என்று கேளுங்கள். யார் மூட்டினார்கள் என்று கேட்காதீர்கள்.

*காட்டு ஓரமும் ஓடைக்கரையும்.* வெட்டுவாய் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, மரக்கன்றுகளும் சேர்த்து அறுபட்டிருக்கின்றனவா, கரை மண் தெரிகிறதா என்று பாருங்கள். மாட்டையே உள்ளே ஓட்டி விடுகிறார்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். குளம்பு பட்ட சரிவில் மண் இறுகும், மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும்.

*சொந்தப் புல் பாத்தி.* ஒரு சதுர மீற்றரை அளந்து அறுத்து நிறுங்கள். ஒரு வெட்டுக்கு 4 கிலோ, வருடத்துக்கு ஐந்து வெட்டு என்று வைத்தால் சதுர மீற்றருக்கு 20 கிலோ. ஒரு மாட்டின் ஆண்டுத் தேவை 14,600 கிலோ, அதற்கு 730 சதுர மீற்றர் வேண்டும், அதாவது 29 பேர்ச்சஸ். தாழ்ந்த இடங்களில் சீஓ 3ஐ நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டலாம், நுவரெலியாக் குளிரில் அது அந்த வேகத்தில் எழும்பாது. தீவன மரமான கிளிசரிடியாவும் அப்படித்தான், கீழ்ச்சரிவுகளில் நன்றாக வரும், உயரத்தில் தடுமாறும். ஆகவே கண்டிப் பக்கம் கன்னொருவை ஆராய்ச்சி நிலையத்தில் அச்சடித்த கையேட்டின் விளைச்சலை அப்படியே கணக்கில் போடாமல் நீங்களே அறுத்து நிறுங்கள்.

இப்போது அந்த 29 பேர்ச்சஸை நினைவில் வைத்துக்கொண்டு, தோட்டக் குடும்பத்துக்கு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த காணி எவ்வளவு என்று கேளுங்கள். கிடைத்தவர்களுக்கு 7 பேர்ச்சஸ், அண்மைய திட்டங்களில் 10, அதில் வீடும் நிற்க வேண்டும். கிடைக்காதவர்களுக்கு லயத்து வாசல்தான். புல் ஏன் காட்டு ஓரத்திலிருந்து வருகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சாணமும் தண்ணீரும்

400 கிலோ மாடு நாளுக்கு 20 முதல் 25 கிலோ சாணம் போடும், மூத்திரம் தனி. இரண்டு மாட்டுக்கு வருடத்தில் பதினான்கு தொன்னுக்குக் குறையாது. மரக்கறித் தோட்டக்காரருக்கு அது பொன். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது சாணத்துக்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே சாணம் பல கொட்டில்களில் காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு கானுக்குள் போகிறது. கான் ஓடைக்கும், ஓடை நானுஓயாவுக்கோ கொத்மலை ஓயாவுக்கோ காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களுக்கோ போகிறது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் ஒரு பீலி (தண்ணீர் விழும் குழாய்) அந்த ஓடையிலிருந்துதான் விழுகிறது, அங்கே ஒரு குழந்தை வாய் கொப்பளிக்கிறது.

கொட்டிலிலிருந்து தண்ணீர் போகும் வழியே இறங்கி நடங்கள். ஓடையில் கொட்டிலுக்கு மேலே ஓரிடத்தையும் கீழே ஓரிடத்தையும் தேர்ந்து, ஓட்டமுள்ள நீரில் கிடக்கும் ஐந்தாறு கற்களைப் புரட்டிப் பாருங்கள். கல்லின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வாலில் இரண்டு மூன்று இழைகளோடு ஓடும் சிறு பூச்சிக்குஞ்சுகள் இருந்தால் நீர் நன்றாக இருக்கிறது. மேலே அவை இருந்து, கீழே இல்லாமல் இரத்தச் சிவப்பான நூற்புழுக்களும் வழவழப்பான சாம்பல்நிறப் பாசியும் மட்டும் இருந்தால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் முன்பே பதில் தெரிந்துவிட்டது. பிறகு பீலிக்கரையில் துணி துவைக்கும் பெண்களிடம் ஒரு கேள்வி: எந்த நேரத்தில் தண்ணீர் மணக்கிறது?

கொட்டிலுக்குத் திரும்பி வந்து சாணக்குழிக்குக் கூரை இருக்கிறதா என்று பாருங்கள். மலையகத்து மழையில் கூரையில்லாத குழியில் மிஞ்சுவது சக்கைதான், சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். மூத்திரத்தை மானாப்புல் சருகோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வைத்தால் பாதி வெற்றி. தழைச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

சாணவாயுக் கலன் இருந்தால் உடனே முழு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். 25 கிலோ சாணத்துக்குச் சுமார் ஒரு கன மீற்றர் வாயு என்பது வெப்பமான இடத்துக் கணக்கு. அந்த அளவு வாயுவில் அடுப்பு இரண்டு மணி நேரம் எரியும். 16 பாகை சராசரி வெப்பமுள்ள நுவரெலியாவில் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும், வாயு வெகுவாகக் குறையும். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். கலனுக்கு மேல் விறகு அடுக்கியிருந்தால் கேள்வியே தேவையில்லை. மாத்தளை, கம்பளை போன்ற தாழ்ந்த இடங்களில் இதே கலன் நன்றாக உழைக்கும்.

மாடு

விலா எலும்புகள் எத்தனை தெரிகின்றன, பின்கால் மூட்டில் புண் உண்டா, குளம்பு நீண்டிருக்கிறதா, தரை ஈரமா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கறப்பதற்கு முன் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விடச் சொல்லுங்கள். திரிதிரியாக வந்தால் மடிநோய் இருக்கிறது. கோமாரித் தடுப்பூசி போட்ட திகதியை அட்டையில் பாருங்கள்.

அதிகம் சொல்லக்கூடிய கேள்வி வேறொன்று: கடைசிக் கன்றுக்கும் அதற்கு முந்திய கன்றுக்கும் எத்தனை மாத இடைவெளி? பன்னிரண்டு முதல் பதினான்கு மாதம் என்றால் நல்லது. பதினெட்டைத் தாண்டினால் ஏதோ சரியில்லை. பெரும்பாலும் இருட்டுக் கொட்டிலில் மாடு சூட்டுக்கு (சினைப்பருவத்துக்கு) வந்ததைக் கவனிக்கவில்லை, அல்லது சினை ஊசி போடுபவர் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஒரு சூடு தவறினால் அடுத்தது இருபத்தொரு நாள் கழித்துத்தான், அதுவரை சும்மா தீனி. பால் குறைந்த மாடும் ஏறக்குறைய அதே அளவு மீதேனை ஏப்பம் விடுகிறது. ஒரு லீற்றர் பாலுக்கு எவ்வளவு மாசு என்று கணக்கிட்டால், வேளைக்குச் சினைப்பிடிக்கும் மாடே சூழலுக்கும் நல்ல மாடு.

இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிரான மேட்டுநிலம் ஃப்ரீசியனுக்குப் பிடிக்கும் என்பது சரிதான். ஆனால் அதன் பெரிய உடம்புக்குத் தீனி போட்ட பிறகுதான் பால். இரண்டு மாட்டுக் குடும்பத்துக்கு ஜேர்சிக் கலப்பே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். உடம்பு சிறியது, புல் குறைவாகப் போதும், பாலில் கொழுப்பு கூட. 'இருபது லீற்றர் மாடு' என்ற பெருமைக்காகக் கடன்பட்டு வாங்கிய பெரிய மாடுகள் வறண்ட பெப்ரவரியில் எப்படி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நாம்பன் (ஆண்) கன்றுகள் என்ன ஆகின்றன என்றும் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வற்புறுத்த வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள்.

பால் புத்தகம்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பால் சேகரிப்பு நிலையம் தரும் துண்டுகளை மூன்று மாதத்துக்கு வாங்கிப் பாருங்கள். லீற்றர், கொழுப்பு, கொழுப்பற்ற திண்மம், தொகை எல்லாம் அதில் இருக்கும். எதிரே புண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவனச் செலவை எழுதுங்கள். பால் காசில் பாதிக்கு மேல் தீவனக் கடைக்குப் போனால் அந்தப் பண்ணை ஒரு விலை உயர்வில் விழுந்துவிடும். 2022 நெருக்கடியில் தீவனம் எட்டாத விலைக்குப் போனபோது மாட்டை விற்றவர்களிடம் விசாரித்தால் இது விளங்கும். இன்னொரு கேள்வி: மண் சரிந்து மூன்று நாள் பால் லொறி வராவிட்டால் என்ன செய்வீர்கள்? 'தயிர் போடுவோம், நெய் உருக்குவோம், கடைக்குக் கொடுப்போம்' என்பவர் தாங்குவார். 'ஊற்றிவிடுவோம்' என்பவருக்கு ஒரே கதவுதான் இருக்கிறது.

யார் உழைப்பு, யார் நிலம்

விடியற்காலை கறவை, பகலெல்லாம் கொழுந்து, மாலையில் புல், இரவில் சமையல் என்று ஒரே ஆளின் நாள் போகிறதா என்று பாருங்கள். வீட்டில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று மணி வாரியாக எழுதுங்கள், கணவர் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள். பால் காசு யார் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது என்றும் கேளுங்கள். புல் சுமப்பவர் ஒருவர், புத்தகம் வேறொருவர் பெயரில் என்றால், அந்தப் பெண்ணுக்கு முழங்கால் வலி வந்த மாதமே மாடு விற்பனைக்கு வரும்.

வீட்டுப் பிள்ளைகள் பால் குடிக்கிறார்களா? 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். கொட்டிலில் பத்து லீற்றர் கறந்து, முழுவதையும் விற்றுவிட்டுப் பிள்ளைக்கு வெறுந்தேநீர் கொடுக்கும் வீடு உண்டு. அதைக் குறைகூறும் தொனியில் எழுதாதீர்கள், கடன் தவணை எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பிறகு நிலம். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனது, மண் அரசுடையது. கொட்டில் நிற்கும் இடம் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. நாளைக்கு எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும் என்ற நிலையில் யார் சீமெந்துக் குழி கட்டுவார், யார் மூன்று வருடத்துக்கு நின்று பயன் தரும் புல்லை நடுவார்? சூழல் அக்கறை இல்லாதவர்கள் என்று அறிக்கையில் எழுதும் முன், அவர்களிடம் என்ன எழுத்து இருக்கிறது என்று கேளுங்கள். தோட்டத்தின் அனுமதிக் கடிதம் ஒன்று இருந்தாலே நிலைமை மாறுவதைப் பார்க்கலாம்.

காட்டுப் பக்கத்து அயல்

சிறுத்தை கன்றையோ நாயையோ தூக்கிய சம்பவம் உண்டா, அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கதவும் கம்பிவலையும் வைத்த இரவுக்கொட்டில் இருந்தால் நல்லது. சுற்றியுள்ள பாதைகளில் கம்பிக் கண்ணி தென்பட்டால் அது பன்றிக்கு வைத்ததாகவே இருக்கும், ஆனால் மலையகத்தில் சிறுத்தைகள் பலவும் சாவது அப்படித்தான். பால் காய்ச்சவும் தீவனம் அவிக்கவும் விறகு எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே கேட்டுவிடலாம்.

மதிப்பெண்

புல், சாணமும் நீரும், மாடு, பணம், உழைப்பு, நில உரிமை, காட்டு அயல் என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை போடுங்கள். கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு வாளியில் ஓட்டை இருந்தால் மற்றப் பக்கம் எவ்வளவு உறுதி என்பதால் பயனில்லை. மிகக் குறைந்த மதிப்பெண் எதுவோ அதுவே பண்ணையின் நிலை.

ஒரு கற்பனைக் கணக்கு. பொகவந்தலாவைப் பக்கம், இரண்டு கறவை மாடு, 12 பேர்ச்சஸ் புல் பாத்தி. பாத்தி தருவது வருடத்துக்கு ஏறக்குறைய 6,000 கிலோ, அதாவது நாளுக்கு 16 கிலோ. தேவை 80. மிச்சம் 64 கிலோவில் 40 தேயிலை மலையிலிருந்து, 24 ஓடைக்கரைக் காட்டிலிருந்து. சாணம் 45 கிலோவில் 10 மரக்கறிப் பாத்திக்கு, மற்றது கானுக்கு. மாடு நன்றாக இருக்கிறது, மூன்று. பணம் இரண்டு. புல் ஒன்று. சாணம் பூச்சியம். இந்த நான்கின் சராசரியைப் பார்த்தால் 'நடுத்தரம்', ஒரு கவலையும் இல்லை. ஆனால் அந்தப் பூச்சியத்தையும் ஒன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் வழி தெரிகிறது. கானுக்குப் போகும் 35 கிலோ சாணத்தைக் கூரைக்குழியில் மக்கவைத்து, ஒரு பங்கு புல் பாத்திக்கும் ஒரு பங்கு தேயிலை மலைக்கும் போகும்படி செய்து, பதிலுக்குத் தோட்டம் ஒரு துண்டு வெறுநிலத்தில் புல் நட எழுத்தில் அனுமதி தந்தால், ஓடைக்கரை 24 கிலோவை ஒரு வருடத்தில் விட்டுவிட முடியும். அதற்கு வேண்டியது 438 சதுர மீற்றர், 17 பேர்ச்சஸ் மட்டும்.

திரும்பிப் போவது

முடிவை முதலில் அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள், பிறகுதான் அலுவலகத்துக்கு. படிவத்தை நீட்டாமல், நிறுத்த புல்லின் எடையையும் 17 பேர்ச்சஸையும் சொன்னால் போதும், பேச்சு தானாக நடக்கும். அவர்கள் உங்கள் கணக்கைத் திருத்துவார்கள், திருத்தட்டும். எழுத்தில் அனுமதி கேட்கத் தோட்ட அலுவலகத்துக்குப் போகும்போது தனியாகப் போகாமல், அந்தக் குடும்பத்தையும் முடிந்தால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து ஒருவரையும் அழைத்துப் போங்கள். அடுத்த வறண்ட பருவத்தில் மறுபடி போகும்போது முழுப் படிவமும் வேண்டாம். ஒரு மாலைப் புல்லுக்கட்டின் எடையும் அதன் இடமும், குழிக்குப் போன சாணத்தின் பங்கு, ஓடையில் அதே கற்களின் அடி, இந்த மூன்றை மட்டும் எடுத்துப் பழைய தாளின் பக்கத்தில் எழுதுங்கள்.